தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்ட மகனுக்கு

பன்வில,
ஞாயிற்றுக்கிழமை முற்பகல்.

பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய மகன் நிரோஷன் அவர்களுக்கு, உன் அம்மா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீ கேட்டனுப்பிய விடயத்திற்கு மூன்று வாரங்களாகப் பதில் தராமல் இருந்தமைக்கு முதற்கண் என் மனவருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். பெற்ற பிள்ளையை 'அவர்கள்' என்று எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். கடிதம் என்றால் அதற்கொரு முறை இருக்கிறது. கைபேசியில் நீ அனுப்பிய குரற்செய்திகள் அனைத்தையும் கேட்டேன். "என்னம்மா, இன்னும் போத்தல தொறக்கலியா?" என்று நீ கேட்டதற்கு, கன்டீனில் வேலை அதிகம் என்று எழுதினேன். அது பொய். நான் சமைக்கும் பல்லேகல கன்டீனில் வேலை எப்போதும் போலத்தான் இருந்தது. காலையில் அதே பஸ், அதே பெரிய சட்டிகள், அதே பருப்பு. நான் பயந்துபோயிருந்தேன், மகனே. இப்பொழுதும் பயத்துடன்தான் எழுதுகிறேன். எழுத்துக்கள் வரியை விட்டுக் கீழிறங்குவதைப் பார்த்தால் உனக்கே விளங்கும்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்கக்கூடும். தொலைபேசியில் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். தாளும் பேனாவும் இருந்தால்தான் எனக்குத் துணிவு வரும். ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவள் நான். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் நின்றபடி, பகல் உணவு சுற்றி வந்த பத்திரிகைத் தாளை விரித்து வாசித்து, விளங்காத சொல்லை உள்ளங்கையில் எழுதிவைத்து, மறுநாள் தோட்டப் பாடசாலை ஆசிரியையிடம் பொருள் கேட்டுக் கற்றுக்கொண்ட தமிழ் இது. அந்தத் தமிழால் தோட்டத்து லய வீடுகளில் இருந்த சனங்களுக்காக மேலிடத்துக்கு எத்தனை மகஜர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பதை நீயே அறிவாய். தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று, கூரைத் தகரத்துக்கு ஒன்று, வேலை நேரத்தில் குழந்தைகளை விடும் பிள்ளைமடுவத்துக்கு ஒன்று. "அக்கா எழுதினா தொரையே எந்திரிச்சு நின்னு வாசிப்பாரு" என்பார்கள். எந்த மகஜரையும் இரண்டு பிரதிகள் எழுதுவது என் வழக்கம். இதையும் அவ்வாறே இரண்டு பிரதிகள் எழுதுகிறேன். ஒன்று உனக்கு. மற்றது யாருக்கு என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

நீ அனுப்பிய வைன் போத்தல் பத்திரமாக வந்து சேர்ந்தது. மெல்பனிலிருந்து விடுமுறையில் வந்த உன் நண்பன் அதைத் துவாயில் சுற்றி, சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தான். தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். "இல்லீங்கம்மா, கண்டி பஸ் போயிரும்" என்று வாசலிலேயே தந்துவிட்டு ஓடினான். பச்சைக் கண்ணாடி, உள்ளே தேசிச்சாற்றில் நீர் கலந்தது போன்ற நிறம். சாமிப் படங்கள் இருக்கும் அறையில் வைக்க மனம் வரவில்லை. அடுப்படியில் வைக்கவும் பயமாக இருந்தது. ஆகையால் அலுமாரியில், என் சேலைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன். பூட்டிய பின்புதான் நினைவு வந்தது, உன் தகப்பனாரும் போத்தலை அதே தட்டில், அதே சேலைகளுக்குப் பின்னால்தான் ஒளித்து வைப்பார் என்பது. அதன் பின்னர் அதை வெளியே எடுக்கும்வரை அலுமாரியைத் திறக்கும் போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலை எடுத்தேன். ஒருநாள் பாவாடைக்கும் சேலைக்கும் பொருத்தமில்லாமல் வேலைக்குப் போய் எல்லோரும் சிரித்தார்கள்.

என் பயம் போத்தல் வந்த நாளில் தொடங்கியது அல்ல. அதற்கு முந்திய ஞாயிறு, நீ முகம் பார்த்துப் பேசினாயே, அன்று தொடங்கியது. நீ வேலை செய்யும் உணவகத்தில் வைன் பகுதிக்கு உன்னைப் பொறுப்பாக்கிவிட்டார்கள் என்று மகிழ்ச்சியோடு சொன்னாய். அடுத்த மாதம் நம் ஊர்ச் சாப்பாட்டை ஒரு வெள்ளை வைனோடு சேர்த்து விருந்து வைக்கப்போவதாகவும், அதை நீயே முன்னின்று நடத்தப்போவதாகவும் சொன்னாய். "இது எளசு வைன்மா. வருசக்கணக்கா வச்சுக் குடிக்கிறதில்ல. புதுசா இருக்கையிலேயே, ஜில்லுன்னு, சாப்பாட்டோட குடிக்கணும். மெனு கார்டுல ஒங்க பேரப் போடப்போறேன், பாருங்க" என்றாய். பிறகு வைன் ஊற்றிய கண்ணாடிக் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதுக்குத் தொட்டுக்க என்னம்மா நல்லாருக்கும்?" என்று கேட்டாய்.

"நீ குடிக்கிறியா தம்பி?" என்று கேட்டேன். "ஐயோ அம்மா, இது வேலம்மா! வாயில வச்சு ருசி பாத்துட்டுத் துப்பிருவோம். அதுக்குன்னே ஒரு வாளி இருக்கு" என்று சிரித்தாய். அப்படிச் சொன்னபடியே ஒரு மிடறு எடுத்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்தேன். ஏறி இறங்கியது. பேசிக்கொண்டே இன்னொரு மிடறு. பிறகும் ஒன்று. மூன்று முறை ஏறி இறங்கியது, மகனே. உன் மேசையில் குவளை இருந்தது, போத்தல் இருந்தது, ஒரு பூச்சாடி கூட இருந்தது. வாளி இருக்கவில்லை. நான் உன் தொண்டையையே பார்ப்பதைக் கண்டு நீயே, "சாப்பாட்டோட குடிச்சா ஒன்னும் செய்யாதும்மா" என்றாய். என் பயம் தொடங்கியது அந்த இடத்தில்தான். அந்த வாக்கியத்தை நீ வேறு யாரிடமிருந்தும் கேட்டிருக்க முடியாது. உன் தகப்பனார் அதைச் சொல்லும்போதெல்லாம் நீ உள்ளறையில் படித்துக்கொண்டிருப்பாய் என்றே நான் நினைத்திருந்தேன்.

நீ மறந்திருக்க மாட்டாய். சனிக்கிழமைகளில் தொழிற்சாலையில் அரைநாள் வேலை முடிந்ததும், உன் தகப்பனாரும் அவரோடு கொழுந்து உருட்டும் ரோலர் அறையில் வேலை செய்த செல்வம் மாமாவும் இன்னும் ஓரிருவரும் நம் முன்னறையில் கதிரைகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். போத்தல் நடுவில் வந்ததும் உன் தகப்பனார் அடுப்படித் திரைச்சேலைப் பக்கம் திரும்பி, "இந்தா புள்ள, தொட்டுக்க என்ன இருக்கு?" என்பார். நீ கேட்ட அதே கேள்வி, அதே இழுவை. நான் அடுப்படியில் தயாராக நிற்பேன். நெத்தலிக் கருவாட்டை மொறுமொறுவென்று பொரித்து, கறிமிளகாயும் பெரிய வெங்காயமும் வதக்கிச் சேர்த்து, இறக்கும்போது தேசி பிழிந்து அனுப்புவேன். அவித்த கடலையைத் தாளித்து அனுப்புவேன். மரவள்ளிக்கிழங்கைத் தாள்போலச் சீவிப் பொரிப்பேன். செல்வம் மாமா முதல் வாய் தின்றுவிட்டு, "அண்ணே, நான் ஒங்க சாராயத்துக்கு வர்றேன்னு நெனச்சுக்கிறாதீங்க. அண்ணி கைக்குத்தான் வர்றேன்" என்பார். உன் தகப்பனார், "அப்ப அடுப்படியில போயி ஒக்காரு, போத்தலாவது மிஞ்சும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். திரைக்குப் பின்னால் நானும் சிரிப்பேன். என் மகஜர்களை உன் தகப்பனார் ஒருநாளும் வாசித்துப் பாராட்டியதில்லை. என் பொரியலைப் பாராட்டுவார். அந்தப் பாராட்டுக்காக நான் வெள்ளிக்கிழமையே கருவாடு தேடத் தொடங்குவேன். இதை இதற்கு முன் நான் எவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோரும் நம்பிய ஒன்றை நானும் நம்பினேன். குடிப்பவன் வயிற்றில் ஏதாவது இருந்தால் குடி அவனை ஒன்றும் செய்யாது. வெறும் வயிற்றில் குடிப்பவன்தான் சாவான். ஆகையால் நல்ல மனைவி என்பவள் தட்டை நிரப்பி அனுப்ப வேண்டும். தட்டு நிரம்ப நிரம்பப் போத்தலும் நீளும் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. யோசித்தவர்கள் இருந்திருந்தால் அவர்களும் என்னைப்போல வாய் திறக்காமல் கருவாடு பொரித்திருப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, இதற்குமேல் உன்னைக் காக்க வைக்கக்கூடாது என்று முடிவுசெய்து போத்தலை மேசையில் வைத்தேன். தனியாகத் திறக்கத் துணிவில்லாமல் பக்கத்து வீட்டு ரீட்டா அக்காவை அழைத்தேன். அவர் வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "என்னாடி, வீட்டுக்குள்ள பாம்பு வந்த மாதிரி நிக்கிற?" என்றார். "அக்கா, நீங்க மொதல்ல ருசி பாருங்க" என்றேன். "நான் ஏன்? ஒம் மகன் ஒனக்குத்தானே அனுப்பியிருக்கான். மாதா கோயில்ல சாமியார் பூசைக்கு வைன் எடுக்கிறத அம்பது வருசமாப் பாத்துக்கிட்டிருக்கேன், ஒரு சொட்டுக் கேட்டிருப்பேனா?" என்றார். அப்படிச் சொன்னவர்தான் கதிரையை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டார். கார்க் கழற்ற வேண்டுமென்று நான் கத்தி, திருப்புளி எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அது சோஸ் போத்தலைப் போலத் திருகியதும் திறந்துகொண்டது. ரீட்டா அக்கா அந்த மூடியைப் பார்த்து, "இவ்வளவு லேசாத் தொறக்குதேடி" என்றார்.

முகர்ந்து பார்த்தேன். சாராயத்தின் வாடை வரும் என்று மூச்சை அடக்கிக்கொண்டுதான் குனிந்தேன். வரவில்லை. மழை விட்டதும் கவ்வாத்து வெட்டிய மலையில் நடந்தால், வெட்டுப்பட்ட தேயிலைக் கொப்புகளிலிருந்து ஒரு பச்சை வாசம் எழும்புமல்லவா, அந்த வாசம் வந்தது. அதற்குள்ளே செங்காய்க் கொய்யா, அதற்கும் உள்ளே தேசித் தோல். வாயில் வைத்ததும் குளிர்ச்சி. பிறகு நாக்கின் இரு ஓரங்களிலும் புளிப்பு. விழுங்கிய பின் வாய் கழுவியது போலச் சுத்தமாக இருந்தது. அது எனக்குப் பிடித்துவிட்டது. பிடிக்காது என்று எண்ணித்தான் அத்தனை நாளும் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். பிடித்துவிட்டதை உணர்ந்ததும் குவளையை மேசையில் வைத்துவிட்டேன்.

ஆனாலும் எடுத்த காரியத்தைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கில்லை. சின்னத் தட்டுகளில் உணவுகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். முதலில் என் நெத்தலிப் பொரியல். வைன் பட்டதும் வாயில் ஆணியை வைத்தது போல இரும்புச் சுவை. ரீட்டா அக்கா முகத்தைச் சுளித்து, "சீ, ரெண்டும் கெட்டுப்போச்சு" என்றார். என் வாழ்நாளில் என் சமையல் பிழையாய்ப் போனதற்காக நான் நிம்மதி அடைந்தது அந்த ஒரு தடவைதான். காய்ந்த மிளகாய் இடித்த தேங்காய்ச் சம்பலோடு எரிவு இரண்டு மடங்கானது. வைன் இருந்த இடமே தெரியவில்லை. வறுத்த தூள் போட்ட கோழிக்கறிக்கு முன்னால் அது வெறும் புளித்தண்ணீராகிவிட்டது. பருப்போடு அதற்குச் சண்டையும் இல்லை, உறவும் இல்லை. திலாப்பியா மீனை மிளகாய்த்தூள் இல்லாமல், மஞ்சளும் விதை நீக்கிய பச்சைமிளகாயும் மட்டும் போட்டு, தேங்காயின் முதற்பாலில் கொதி வராமல் வேகவைத்து, இறக்கிய பின் தேசி பிழிந்திருந்தேன். அதோடு நன்றாகப் போனது. மீனுக்கு ஒரு குளிர்ச்சி வந்தது. கடைசியில் வல்லாரைச் சம்பல். மாசிக் கருவாட்டுத் தூள் சேர்க்காமல், கீரையை மயிர்போல அரிந்து, துருவிய தேங்காயும் சின்ன வெங்காயமும் உப்பும் தேசியும் சேர்த்துப் பிசறியது. அந்தக் கீரையின் இலேசான கசப்பும் தேங்காயின் இனிப்பும் வைனின் புளிப்பும் ஒன்றையொன்று முன்பே அறிந்தவைபோல வாயில் சேர்ந்தன. இன்னொரு வாய் சம்பல், இன்னொரு மிடறு. உண்மைதானா என்று உறுதிசெய்ய இன்னொன்று. "அடியே," என்றார் ரீட்டா அக்கா, "ருசி பாக்குறியா, குடிக்கிறியா?" குனிந்து பார்த்தேன். என் குவளை வெறுமையாக இருந்தது.

அந்த வெறுமையான குவளையைப் பார்த்தபோதுதான் உனக்கு இவ்வளவு காலமும் மறைத்ததை இனியும் மறைக்கக்கூடாது என்று தீர்மானித்தேன். இந்தப் பகுதியை உட்கார்ந்து வாசி.

உன் தகப்பனார் கடைசி முறையாகக் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, இனி ஒரு சொட்டும் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அவரும் தொடவில்லை. ஆனால் சாப்பாட்டையும் தொடவில்லை. கஞ்சி வைத்தேன், இடியப்பம் அவித்தேன், எதுவும் இறங்கவில்லை. கழுத்து எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. நீ நாவலப்பிட்டியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். "ஒரே ஒரு வாய் இருந்தா சோறு எறங்கும் புள்ள" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன். அவர் சத்தம் போடவில்லை. தண்ணீர் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார். சாப்பிடாமலே இவர் செத்துப்போவார் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. சாப்பாட்டோடு கொடுத்தால் ஒன்றும் செய்யாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போயாவுக்குச் சாராயக் கடைகள் அடைப்பு. மேல் லயத்தில் ஒரு வீட்டில் கசிப்பு என்னும் கள்ளச் சாராயம் விற்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும். அந்த வீட்டுக்கு எதிராக லயத்துப் பெண்களிடம் கையெழுத்து வாங்கிப் பொலிசுக்கு மகஜர் எழுதியவளே நான்தான். முக்காட்டைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுப் பின்வாசலில் போய் நின்றேன். விற்கும் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்க எழுத்தம்மா. இன்னைக்கு எதுல கையெழுத்து வைக்கணும்?" என்றாள். நான் காசை நீட்டினேன். கால் போத்தலைச் சவர்க்காரத்தூள் பையில் சுற்றித் தந்தாள். வீட்டுக்கு வந்து நெத்தலி பொரித்தேன். அவர் இரண்டு மிடறு குடித்துவிட்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். "இன்னைக்குத்தான் புள்ள உசுரு திரும்பியிருக்கு" என்றார். நான் வாசற்படியில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்து மகிழ்ச்சியாக இருந்தேன். எனக்கு இன்றும் பொறுக்க முடியாதது அந்த மகிழ்ச்சிதான். மாலைக்குள் போத்தலையும் காலி செய்துவிட்டார். மூன்றாம் நாள் இரத்தமாக வாந்தி எடுத்தார். ஐந்தாம் நாள் போய்விட்டார். அந்தக் கால் போத்தல்தான் அவரைக் கொண்டுபோனதா, அது இல்லாவிட்டாலும் போயிருப்பாரா என்று வைத்தியர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ நாவலப்பிட்டியிலிருந்து வந்து சேர்ந்தாய். கட்டிலுக்கு அடியில் கிடந்த வெற்றுப் போத்தலை எடுத்து என் முன்னால் நீட்டி, "செல்வம் மாமா வந்தாரா?" என்று கேட்டாய். போயா அன்று காலையில் செல்வம் மாமா வந்திருந்தார். உன் தகப்பனாரைப் பார்த்துவிட்டு, இரண்டு செவ்விளநீர் வைத்துவிட்டுப் போனார். நான், "வந்தாரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்தவள் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சொல்லில் பொய் இல்லை. ஆனால் நீ எடுத்துக்கொண்ட பொருள் என்னவென்று எனக்குத் தெரியும். எடுத்துக்கொள்ளட்டும் என்றே விட்டேன்.

பதினான்கு வயதில் நீ வாசலில் இரு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாய். பாடையைத் தூக்க வந்த செல்வம் மாமாவைப் பார்த்து, "நீங்க தூக்கக் கூடாது. கொண்டாந்து குடுத்ததும் நீங்க, தூக்குறதும் நீங்களா?" என்று கத்தினாய். சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. செல்வம் மாமா உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் திரைச்சேலையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர்வலத்தில் கடைசி ஆளாக நடந்து வந்தார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பன்வில கடைத்தெருவில் கண்டால், "அண்ணி, தம்பி எப்பிடி? நேரத்துக்குச் சாப்புடுறானா?" என்று மட்டும் விசாரிப்பார். நீ ஊருக்கு வந்தபோதெல்லாம் அவரைக் கண்டு தெருவின் மறுபக்கம் போனாய். உன்னைத் தடுக்காமல் நானும் உன்னோடு மறுபக்கம் வந்தேன். இக்கடிதத்தின் இரண்டாம் பிரதி அவருக்குரியது. இன்று காலை கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துதான் உன் பிரதியை எழுத உட்கார்ந்தேன். இனி நான் மனம் மாறி எதையும் வெட்ட முடியாது. நீ இதை யாரிடம் வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

இனி துப்புவதைப் பற்றி. துப்புதல் ஒரு தொழில் என்பது எனக்கும் தெரியும். தொழிற்சாலையில் டீமேக்கர் ஐயா தேநீர் ருசி பார்க்கும் அறையைக் கூட்டுவது சில காலம் என் வேலையாக இருந்தது. வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் கரண்டியால் எடுத்துச் சத்தத்தோடு உறிஞ்சி, உயரமான ஒரு தகரப் பாத்திரத்தில் துப்பிக்கொண்டே போவார். "நல்ல தேத்தண்ணிதானேங்க ஐயா, ஏன் துப்புறீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "அம்புட்டுக் கோப்பையையும் முழுங்கினேன்னா நான் இந்த ரூம்ல இருக்க முடியாது தாயி, கக்கூசுலதான் இருக்கணும்" என்றார். ஆனால் ஒருநாள் நான் கதவோரம் நிற்பது தெரியாமல், ஒரு கோப்பையை உறிஞ்சியவர் துப்பவில்லை. கண்ணை மூடி விழுங்கினார். அவ்வளவு நல்ல தேநீராக இருந்திருக்க வேண்டும். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஆகையால் நல்லதொன்று வாயில் பட்டால் தொண்டை தானாகத் திறக்கும் என்பதை நான் அறிவேன். போன ஞாயிறு என் தொண்டையும் திறந்தது. விழுங்கியதற்காக நான் உன்னைக் கடிந்துகொள்ளவில்லை, மகனே. துப்பிவிடுவோம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே விழுங்கினாயே, அதற்குத்தான் பயப்படுகிறேன். உன் தகப்பனாரும் கெட்டவர் அல்லர். சொல்வது ஒன்றும் தொண்டை செய்வது இன்னொன்றுமாக ஆனபோது, அது அவருக்கே தெரியாமல் போய்விட்டது.

நீ கேட்டதற்குப் பதில் இதோ. உன் வெள்ளை வைனுக்கு வல்லாரைச் சம்பல் பொருத்தம். மாசி சேர்க்காதே, மிளகாய் சேர்க்காதே, பரிமாறும் நேரத்தில்தான் அரி. வல்லாரை அங்கே கிடைக்காவிட்டால், கசப்பும் பச்சை வாசமும் உள்ள ஒரு கீரையைத் தேடு. அடுத்து, தேங்காய்ப்பாலில் வேகவைத்த வெள்ளை மீன் கறி. நெத்தலியை விருந்துப் பக்கமே கொண்டுவராதே. இதற்கு நான் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. நீ என்ன பதில் எழுதினாலும் இந்தச் சமையல் உன்னுடையது. விருந்தின் மெனு அட்டையில் என் பெயரை அச்சிட வேண்டாம். மெல்பனில் ஒரு மேசையில் என் பெயர் இருக்க வேண்டுமென்ற ஆசை எனக்கு மிகவும் உண்டு. ஆனால் திரைக்குப் பின்னால் நின்று பாராட்டுக்குக் காத்திருந்த அந்தப் பெண்ணை நான் இன்னும் முழுமையாக நம்பவில்லை.

மீதி வைன் பாதிப் போத்தல் இருக்கிறது. அதை என் வீட்டில் வைத்திருக்கத் துணிவில்லாமல் ரீட்டா அக்காவின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன். "ஊத்திறவா?" என்று நேற்று அவர் வேலிக்கு மேலால் கேட்டார். "தம்பி பதில் வரட்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கவும் பயமாக இருக்கிறது.

ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து இன்றே அனுப்புகிறேன், தபாலிலும் சேர்ப்பேன். என் கேள்வி ஒன்றுதான். நீ துப்புகிறாயா, விழுங்குகிறாயா? வேலை நேரத்தில் மட்டும்தானா, அறைக்குத் திரும்பிய பின்னரும் உண்டா? 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் எழுதிவிடாதே. ஒரு சொல்லை உண்மையாகச் சொல்லிக்கொண்டே எப்படிப் பொய் சொல்வது என்பதை உன் அம்மா அறிவாள். முழு வாக்கியமாக எழுது. தயவுசெய்து விரைவாகப் பதில் போடு.

இப்படிக்கு,
அம்மா